மச்சான் தலைக்கு இரண்டாம் படம்

இயேசு மரி சூசை

ராயபுரம்,
4 மார்ச் 2007

அன்புள்ள மாப்பிள்ளை ராசையாவுக்கு, மச்சான் லூயிஸ் எழுதுவது. இங்கே நான், ஜானட், ஒழுகுகிற கூரை எல்லோரும் நலம். என் தலை மட்டும் தனிக் கதை, கீழே வருகிறது. அங்கே நீயும் என் தங்கை ஞானபாக்கியமும் சுகமா? உன் சர்க்கரை அடங்கியதா, இல்லை அவளைப் போலவே உன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதா?

நேற்று நீ போன் செய்தாய். "ம்" என்றாய். நானும் "ம்" என்றேன். "வேற?" என்றாய். "வேற இன்னா?" என்றேன். வைத்துவிட்டோம். ஜானட் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பாலைக் கவனிக்கவில்லை. அவளுக்கு எங்கே புரியப் போகிறது. நீ மேலே கிரேன் கேபினில், நான் கீழே கப்பல் தளத்தில் சிக்னல்மேன். இருபது வருஷம் என் கையைப் பார்த்துத்தான் நீ சரக்கை ஏற்றினாய், இறக்கினாய். வாயால் பேசிப் பழக்கமே இல்லை. இப்போது நீ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், தூத்துக்குடியில் யாரோ ஒரு கம்பெனிக்காரன் கிரேனில் ஏறிவிட்டாய். போனில் நான் கையைக் காட்டினால் உனக்குத் தெரியவா போகிறது? ஆகவே கடிதம்.

நவம்பரில் என் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தபோது நீ வந்திருந்தாய். அதற்கப்புறம் ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. தலை ஆடாமல் இருக்க, என் முகத்தின் அச்சிலேயே ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடி செய்து, அதைப் போட்டு மேஜையோடு திருகிவிடுவார்கள். சிகிச்சை முடிந்ததும் முகமூடியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். மீன் கொண்டுவந்த வியாகுலம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அடியே ஜானட்டு, உன் வூட்டுக்காரர் மூஞ்சி செவுத்துல தொங்கிகினு கீதுடீ" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்று முழுக்க எங்கள் தெருவில் இதே பேச்சு. மூஞ்சியை உரித்து எடுத்துவிட்டுப் புது மூஞ்சி வைத்திருப்பதாகவும், பழையதே தேவலாம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டி இருந்த இடத்திலேயே மறுபடி ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டர் பகலவன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். "ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, கட்டி திரும்ப வளருது. இல்லேன்னா, கதிர் சுட்ட புண்ணு. இந்தப் படத்துல ரெண்டும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும்" என்றார். புண் என்றால் மாத்திரையோடு போகும். கட்டி என்றால் மறுபடி திறக்க வேண்டும். திட்டு இருப்பது வலது கையை ஆட்டுகிற இடத்தை ஒட்டி. இந்த முறை கத்தி போனால், கை திரும்ப வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

இரண்டில் எது என்று பார்க்க வேறொரு விதமான எம்.ஆர்.ஐ. இருக்கிறதாம். கையில் மருந்தை ஏற்றி, அது மூளைக்குள் ரத்தத்தோடு ஓடும்போதே வேக வேகமாகப் படம் எடுப்பார்கள். எங்கே ரத்தம் அதிகம் போகிறது, எங்கே போகவில்லை என்று தெரிந்துவிடும். டாக்டர் நிறையச் சொன்னார். நான் நம்ம பேட்டை வழியில் புரிந்துகொண்டேன். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் தெருக்குழாயில் எந்த வீட்டுக்காரன் திருட்டு மோட்டார் போட்டிருக்கிறான் என்று தேடுவோமே, அதேதான். வளருகிற கட்டி மோட்டார் போட்டு ரத்தத்தை உறிஞ்சும். புண் பூட்டிக் கிடக்கிற வீடு, தண்ணீர் எடுக்காது. "திருட்டு மோட்டாரா சார்?" என்று கேட்டேன். டாக்டர், "அப்படியே வெச்சுக்கலாம்" என்றார். அவரும் வியாசர்பாடிக்காரர்தான்.

அடுத்த வாரம் படம். ஜெபத்தில் நினைத்துக்கொள். அளவோடு நினை, மாதாவுக்கும் வேறு வேலை இருக்கும்.

இப்படிக்கு, மொட்டையும் தழும்புமாக,
லூயிஸ்


தூத்துக்குடி,
10 மார்ச் 2007

மச்சானுக்கு, ராசையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு சுகம். சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. உன் தங்கையின் குரலும் அப்படியே.

கடிதம் வந்தது. முகமூடிக் கதையை ஞானபாக்கியம் தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டாள்.

முகமூடி பற்றி எழுதியிருக்கிறாய், மீன் கூடை பற்றி எழுதியிருக்கிறாய், மோட்டார் பற்றி எழுதியிருக்கிறாய். வலது கை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. உன் எழுத்து போகப் போகக் கோட்டிலிருந்து கீழே இறங்குகிறது. நான் உன் கையைப் பார்த்தே பிழைத்தவன்.

இங்கே மழை இல்லை. உப்பு நன்றாக விளைகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ராசையா


இயேசு மரி சூசை

ராயபுரம்,
19 மார்ச் 2007

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எல்லோரும் நலம், நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும். எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறதே என்று மயங்காதே. நான் சொல்லச் சொல்ல ஜானட் எழுதுகிறாள். என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. (உடையவில்லை. அவர் மூக்கின்மேல்தான் இருக்கிறது. வலது கையில் பேனா நிற்கவில்லை, அண்ணா. சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன். - ஜானட்)

பேனா அவள் கையில், நாடு அவள் ஆட்சியில். என்ன செய்ய.

வீக்கம் குறைய ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் பசி பிடுங்கித் தின்கிறது. காலையில் எட்டு இட்லி. (பதினொன்று. - ஜா.) முகம் பன் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. அந்த முகமூடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், காதுக்கு மேல் ஏறவில்லை.

படம் எடுக்கப் போன கதையைக் கேள். முதலில் உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். "ஹார்பர்ல வேல செஞ்சவன்மா, எனக்கே தெரியாம எங்கனா இருக்கும்" என்றேன். அதற்காகக் கண்ணுக்குத் தனியாக ஓர் எக்ஸ்ரே எடுத்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கழுத்தில் இருந்த மாதா சுரூபத்தையும் கழற்றி ஜானட்டிடம் கொடுத்தேன். படம் எடுக்கிற பெண்ணின் பெயர் அன்புக்கரசி, புளியந்தோப்பு. "ஆடாம அசையாம படுத்துக்கணும் சார். மருந்து ஓடுற ஒரு நிமிஷந்தான் முக்கியம். அப்போ தும்மக்கூடக் கூடாது" என்றாள். தலைக்கு ஒரு கூண்டு மாட்டி, குழாய் மாதிரி இருக்கிற மிஷினுக்குள் தள்ளிவிட்டார்கள்.

நானும் பிணம் மாதிரித்தான் படுத்திருந்தேன். வலது கையில் ஊசி வழியாகக் குளுகுளுவென்று மருந்து ஏறியது. அப்போது பார்த்து மிஷின் சத்தம் மாறியது மாப்பிள்ளை. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று கிரீச்சென்றது. அப்படியே பழைய விஞ்சில் கம்பிக் கயிறு உருளையைவிட்டு வழுக்குகிற சத்தம். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் யோசிக்கவே இல்லை. என் கை எழும்பி 'நிறுத்து' என்று காட்டிவிட்டது. குழாயின் கூரையில் இடித்துக்கொண்டு தலையும் கூடவே தூக்கிவிட்டது. இதில் வேடிக்கை, தூக்கியது இடது கை. வலது சோம்பேறியாகக் கிடக்க, இடது எப்போது தொழில் கற்றுக்கொண்டது என்று தெரியவில்லை.

அன்புக்கரசி ஓடி வந்தாள். "இன்னா சார் பண்ணீங்க?"

"கயிறு வழுக்கிச்சும்மா."

"எந்தக் கயிறு சார்? இங்க ஏது கயிறு?" என்றவள், என் தொழிலைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் இப்டித்தான். கண்டக்டரா இருந்தாரு. ரிட்டேராயி வூட்ல கீறாரு, தூக்கத்துல எழுந்து விசில் ஊதுறாரு" என்றாள்.

படம் வீண். திருவிழாக் கூட்டத்தில் எடுத்த போட்டோ மாதிரி என் மூளை நாலு மூளையாகத் தெரிகிறது. இத்தனை நாள் ஒன்றுகூட இல்லை என்று சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும். மருந்தை உடனே திரும்ப ஏற்ற முடியாதாம், மிஷினும் காலி இல்லையாம். ஏப்ரல் 24 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மற்றபடி ஒன்றும் விசேஷம் இல்லை. (இருக்கிறது. அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். - ஜா.)

உன் பதில் பார்த்து,
லூயிஸ்


ராயபுரம்,
11 ஏப்ரல் 2007

அன்புள்ள ராசையா அண்ணனுக்கு, ஜானட் எழுதுவது. ஞானபாக்கியமும் நீங்களும் நல்ல சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இவர் கோயிலுக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதுகிறேன்.

இவருடைய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால்கார ஹபீபுல்லா பாய் தெருமுனையில் திரும்பும்போதே இவர் வாசலுக்குப் போய்விடுகிறார். "இன்னா பாய், தூத்துக்குடில தபால் பொட்டிய தூக்கினு பூட்டானுங்களா?" என்று கேட்கிறார். பாயும், "அங்க இங்க்கு தீந்து போச்சாம் நைனா, கடல்தண்ணி ஊத்தி எழுதுறாங்களாம், காயட்டும்" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பாய் போனதும் இவர் உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

கை இப்போது தோளுக்கு மேல் வரவில்லை. நான் துணி உலர்த்தும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று, சரக்கை மேலே தூக்கச் சொல்லுவார்களே, அந்த மாதிரி வலது கையை உயர்த்திப் பார்க்கிறார். பாதியில் விழுந்துவிடுகிறது. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் படத்துக்குப் போக மாட்டேன் என்கிறார். "மறுபடி சத்தம் கேக்கும், மறுபடி கை எழும்பும், நான் இன்னா அத கட்டிப்போட்டா வெச்சிருக்கேன்" என்கிறார். டாக்டரிடம் கேட்டேன். படம் இல்லாமல் தீர்மானம் செய்ய முடியாது, தள்ளிக்கொண்டே போனால் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். என்னிடம் கேலி பேசித் தப்பித்துவிடுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். எப்படியாவது எழுதுங்கள் அண்ணா.

தங்கை
ஜானட்


தூத்துக்குடி,
16 ஏப்ரல் 2007

மச்சானுக்கு, ராசையா எழுதுவது. சுகம், சுகம் அறிய வேண்டும்.

பதில் எழுதாதது தப்புதான். எனக்கு ஆறுதல் எழுத வராது. சரக்கைத்தான் பத்திரமாக இறக்கத் தெரியும்.

கயிறு வழுக்கினால் உன் கை எழும்பத்தான் செய்யும். எழும்பாவிட்டால் நாம் இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைப் புதைத்திருக்க வேண்டும். அது உன் குற்றமில்லை. ஆனால் நீ உன் வேலையை அங்கே கொண்டுபோயிருக்கக் கூடாது.

கேபினில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார். ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேலி செய்வாய். கீழே கயிறு கத்தும், மேஸ்திரி கத்துவான், கப்பல்காரன் விசில் அடிப்பான், காற்றில் கேபினே ஆடும். அசைய மாட்டேன். கீழே நிற்கிற ஒரே ஓர் ஆளின் கைக்குத்தான் அசைவேன். சத்தத்தைக் கேட்டு டிரைவர் அசைந்தால் ஆள் சாவான்.

அந்த மிஷினுக்குள் நீ சிக்னல்மேன் இல்லை. டிரைவர். வெளியே நின்று படம் எடுக்கிற அந்தப் பெண்ணைச் சிக்னல்மேனாக வைத்துக்கொள். கயிறு அறுந்தாலும் அது அவள் பாடு. அவள் சொல்லும்வரை நீ அசையக் கூடாது.

24ஆம் தேதி போ.

ராசையா

அண்ணனுக்கு, ஞானபாக்கியம் இதே தாளில் எழுதுவது. இவர் இத்தனை நாள் எழுதாமல் இல்லை. எழுதுவார், படிப்பார், கிழிப்பார். அடுப்பு பற்றவைக்க எனக்குத் தாள் வாங்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணிக்கு முத்தம். இட்லியைக் குறைக்கவும்.


இயேசு மரி சூசை

ராயபுரம்,
25 ஏப்ரல் 2007

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும், இங்கே நலம், இட்லி ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. (இதுவும் பொய். - ஜா.)

நேற்றுப் போனேன். அன்புக்கரசியிடம், "ஏம்மா, இன்னிக்கி நான் டிரைவர், நீ சிக்னல்மேன்" என்று சொல்லி, நீ எழுதியதை விளக்கினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரி சார். எந்தக் கை காட்டணும்?" என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜானட்டிடம் துடைக்கக் கொடுத்தேன். (ஆமாம். - ஜா.) "கை வேணாம்மா, உள்ள தெரியாது. மைக்குல சொல்லு" என்றேன். "நான் 'போதும்'னு சொல்ற வரைக்கும் நீங்க கேபின்ல கீறீங்க. புரிதா?" என்று அதட்டினாள். நல்ல மேஸ்திரியாக வருவாள்.

மருந்து ஏறியது. அதே கிரீச். மாப்பிள்ளை, உன்னைப் பற்றி நான் கேண்டீனில் பேசியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சும்மா இருப்பது மாதிரிக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. கீழே ஆள் நிற்கிறான், கயிறு போகிறது, நீ பார்த்துக்கொண்டு படுத்திரு என்றால் எப்படி? பல்லைக் கூடக் கடிக்கக் கூடாதாம், தலை ஆடுமாம். காதோரம் கண்ணீர் ஓடியது. அசையவில்லை.

"போதும் சார்" என்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் அசையவில்லை. பயந்துபோய் உள்ளே ஓடி வந்து காலைக் கிள்ளினாள்.

படம் துல்லியமாக விழுந்திருக்கிறதாம். என்ன இருக்கிறது என்று அவள் சொல்லக் கூடாதாம், டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். முகத்தையாவது பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டையில் ஜானட்டுக்கு ஒரு சேலை எடுத்தேன். எதற்கு என்று கேட்கிறாள். சும்மாதான். (சும்மா எடுத்துத் தருகிற மனுஷன் இல்லை இவர். எனக்குப் பயமாக இருக்கிறது. - ஜா.)

லூயிஸ்


இயேசு மரி சூசை

ராயபுரம்,
28 ஏப்ரல் 2007

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நேற்று டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். என் மூளை சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கல்யாணப் பந்தல் சீரியல் லைட் மாதிரி இருந்தது. திட்டு இருக்கிற இடம் மட்டும் கருநீலம். அதைப் பார்த்ததும் ஜானட் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "டாக்டர், அந்த இடம் செத்து நீலம் பாரிச்சிப் போச்சா?" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டாள். (அழவில்லை. கேட்டேன். - ஜா.) கூடத்தில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். எழுதுகிறவள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

டாக்டருக்குக் குழப்பம். அப்புறம் புரிந்து, "அம்மா, சிவப்புன்னாத்தான் ரத்தம் ஜாஸ்தி. சிவப்பா இருந்தா நான் அழணும். நீலம்னா அங்க ரத்தம் ஏறல. இது புண்ணுதான்" என்றார். என்னைப் பார்த்து, "மோட்டார் ஓடல சார்" என்றார்.

இப்போது கத்தி வேண்டாம். மாத்திரையைத் தொடர வேண்டும், வீக்கம் வடிந்தால் கையும் தேறலாம். நூற்றுக்கு நூறு சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அந்தக் கட்டியின் குணம் அப்படி, திரும்பி வரப் பார்க்கும். ஜூலையில் மறுபடி ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் அவ்வப்போது.

ஜானட் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறாள். நிறுத்துகிறேன். (நீலம், அண்ணா. கருநீலம். - ஜா.)

லூயிஸ்


தூத்துக்குடி,
5 மே 2007

மச்சானுக்கு, ராசையா எழுதுவது. இருவரும் சுகம்.

உன் தங்கை மார்ச் மாதம் முதல் கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டி வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு வெள்ளைச் சேலை, எனக்கு ஒரு வெள்ளை வேட்டி சட்டை. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. படித்தாள். பையைப் பிரித்தாள். சேலையைப் பெட்டியின் அடியில் வைத்தாள். வேட்டி சட்டையை என்னிடம் கொடுத்து, "சும்மா கெடந்து மக்கிப் போகுது, உடுத்துங்க" என்றாள்.

உடுத்திக்கொண்டு கிரேனுக்குப் போனேன். இன்னைக்கு என்ன விசேஷம் அண்ணாச்சி என்று எல்லோரும் கேட்டார்கள். எங்க மச்சானுக்கு நீலம் என்றேன். ஒருத்தனுக்கும் விளங்கவில்லை. சட்டை பூராவும் கிரீஸ். திட்டு வாங்கினேன்.

ராசையா


இயேசு மரி சூசை

ராயபுரம்,
27 மே 2007

மாப்பிள்ளை,

நலம். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள். இது என் கை.

வீக்கம் வடிகிறது. கரண்டி நிற்கிறது, பேனா நிற்கிறது. பொத்தான் இன்னும் ஜானட் கையில்தான். இவ்வளவு எழுத இரண்டு நாள் ஆயிற்று. பேனாவைக் கொடு என்று பக்கத்திலேயே நிற்கிறாள். கொடுக்கவில்லை. இப்போதுதான் வியாகுலம்மாளோடு மீன் பேரம் பேச வாசலுக்குப் போயிருக்கிறாள். அது சீக்கிரம் முடியாது.

ஜானட் எழுதிய கடிதங்களில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கும். ரொம்பப் பயந்துபோயிருந்தேன், ராசையா. சாவுக்குக்கூட இல்லை. இந்தக் கை போய்விட்டால் அப்புறம் நான் யார் என்று தெரியவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்லி எழுதச் சொல்வது? அவளும் எழுதிக்கொண்டே அழுவாள், அதற்கும் ஓர் அடைப்புக்குறி போடுவாள். இதை நானேதான் எழுத வேண்டியிருந்தது. அதற்குக் கை வரட்டும் என்று காத்திருந்தேன்.

எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. நல்ல வலி.

உன் மச்சான்
லூயிஸ்